பசையில்லாத ஒட்டு

கார்த்திகை தீபத்துக்குத் திரி திரிக்கும்போது குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பஞ்சிலிருந்து ஒரு பிடியைப் பிய்க்க அவர்களுக்குப் பலமே தேவைப்படாது. அதே பஞ்சை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாக உருட்டி முறுக்கச் சொல்லுங்கள். இப்போது பிய்க்கச் சொன்னால் திணறுவார்கள். பஞ்சில் நாம் எதையும் தடவவில்லை, எதையும் சேர்க்கவில்லை. அப்படியிருக்க, இந்தப் பலம் எங்கிருந்து வந்தது?

நாம் உடுத்தும் அத்தனை துணிக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலருக்குள் ஒட்டும் கேன்வாஸை விட்டுவிட்டால், அந்தச் சட்டையில் ஒரு துளிப் பசை கிடையாது. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சட்டையாகும் மூன்று படிகளிலும் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது உராய்வு ஒன்றுதான். வீட்டில் தைக்கிறவர்கள் கைப்பழக்கத்தில் செய்யும் பல வேலைகளுக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

முறுக்கின் பலம்

பருத்தி இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. நீளம் பெரும்பாலும் 3 செ.மீ. அளவுதான். 1974இல் கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட புகழ்பெற்ற சுவின் ரகத்திலேயே இழை 4 செ.மீ.க்குள் முடிந்துவிடும். ஆனால் தையல் மெஷினில் மாட்டும் ஒரு கண்டில் நூறு மீட்டருக்கு மேல் நூல் இருக்கிறது. 3 செ.மீ. துண்டுகள் முடிச்சும் பசையும் இல்லாமல் எப்படி நூறு மீட்டர் ஓடுகின்றன?

1638இல் வெளிவந்த தம் கடைசி நூலில் கலிலியோவே இதைக் கேட்டார். குட்டை நார்களால் ஆன நீளக் கயிறு ஏன் உருவிக்கொண்டு வருவதில்லை? முறுக்குதான் நார்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது என்றார். முறுக்கிய நூலை இழுத்தால், வெளிப்புற இழைகள் உட்புற இழைகளை நெரிக்கின்றன. நெரிசல் கூடினால் உராய்வும் கூடும். பிரிக்க நினைத்து இழுக்கும் விசையே பிடியை இறுக்கிவிடுகிறது.

ஆனாலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. 2018இல் பாட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டீன் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இழைகள் தொட்டுக்கொள்ளும் இடங்களும் உராய்வும் ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை நூல் வழுக்கிப் பிரியும். அந்த எல்லையைத் தாண்டியதும் நிலைமை சட்டென்று மாறிவிடுகிறது. இழுவிசை இழைக்கு இழை கைமாறி நூல் முழுக்கப் பரவுகிறது. அதன்பின் நூலைப் பிரிக்க வேண்டுமானால் இழைகளையே அறுக்க வேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பழைய பருத்தி வேட்டியின் ஓரத்திலிருந்து ஓர் இழை நூலை உருவுங்கள். இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் 'டக்'கென்று அறும். இன்னொரு நூலை எடுத்து, முறுக்குக்கு எதிர்த்திசையில் விரல்களால் திருகிக்கொண்டே இழுங்கள். ஓசையின்றி நீண்டு, மெலிந்து, இரு பஞ்சு முனைகளாகப் பிரிந்து வரும். முதல் நூலில் இழைகள் அறுந்தன. இரண்டாவதில் முறுக்கு மட்டும்தான் போயிற்று.

மூலைக்கு மூலை

நூல் துணியாகும்போது அதே உராய்வு குறுக்கும் நெடுக்குமாக வேலை செய்கிறது. தறியில் நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. ஓர் அங்குலத்துக்குப் பாவில் 60 இழை, ஊடையில் 60 இழை என்றால், ஒரு சதுர அங்குலத்தில் 3,600 சந்திப்புகள். ஒவ்வொன்றிலும் இரு நூல்கள் வளைந்து அழுத்திக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். வெட்டிய ஓரத்தில் பிடித்துக்கொள்ளப் போதிய சந்திப்புகள் இல்லாததால் அங்கே பிசிறு வருகிறது. தையலுக்கு வெளியே அரை அங்குலம் துணி விடச் சொல்வது இதற்காகத்தான்.

பட்டு ஜாக்கெட்டில் இன்னும் தாராளமாக விட வேண்டும். பட்டுக்கூட்டிலிருந்து வரும் இழை துண்டு துண்டாக இல்லாமல் நூற்றுக்கணக்கான மீட்டர் ஒரே ஓட்டமாக வருவது. அதனால் பலம் அதிகம், ஆனால் வழவழப்பும் அதிகம். நூல் அறாமலே தையலோரத்தில் துணி விலகி வாய் பிளப்பதற்குக் காரணம் அந்த வழவழப்பு. உள்ளே லைனிங் கொடுத்துச் சேர்த்துத் தைத்தால் இழுவையை லைனிங் வாங்கிக்கொள்ளும்.

சதுரமான ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுங்கள். நீளவாக்கில் இழுத்தால் அசையாது. குறுக்கே இழுத்தாலும் ஏறக்குறைய அப்படியே. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், ரப்பர் போல நீளும். விட்டால் ஓரளவு திரும்பி வரும். ரப்பர் இழை எதுவும் உள்ளே இல்லை. பாவும் ஊடையும் தத்தம் நீளம் மாறாமலே, சந்திக்கும் இடங்களில் கத்தரிக்கோல் போலத் திரும்புகின்றன. குட்டிச் சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. அதனால்தான் துணி ஒரு பக்கம் நீளும்போது மறுபக்கம் ஒடுங்குகிறது.

கழுத்து வளைவுக்குத் தையல்காரர்கள் 'கிராஸ் பீஸ்' வெட்டுவது இதை நம்பித்தான். நேராக வெட்டிய பட்டையை வட்டக் கழுத்தில் வைத்துத் தைத்தால் சுருங்கி மடியும். 45 டிகிரி சாய்வில் வெட்டிய பட்டை வெளிவளைவில் நீண்டு, உள்வளைவில் ஒடுங்கி, படிந்து உட்காரும். கிராஸ் கட் ஜாக்கெட் உடம்போடு பொருந்துவதும் இதே கணக்கில்தான். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸில் மதலீன் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர் முழு உடையையும் இப்படிச் சாய்வாக வெட்டிப் பெயர் பெற்றார்.

அந்தக் கைக்குட்டைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்து மறுபடி மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள். முன்போல நீளாது. கஞ்சி காய்ந்து பசையாகி ஆயிரக்கணக்கான சந்திப்புகளையும் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டது. துணி விறைத்துக் காகிதம் போல ஆகிவிட்டது. உடம்போடு சேர்ந்து வளையும் குணம் துணிக்கு எங்கிருந்து வந்தது என்பதை இந்த ஒரு சோதனையிலேயே குழந்தைகள் புரிந்துகொள்வார்கள்.

சுற்றச் சுற்ற இறுகும்

மூன்றாவது படி, துணியைச் சட்டையாக்கும் தையல். அரிசிச் சிப்பத்தின் வாயிலுள்ள தையல் நூலைச் சரியான முனையில் பிடித்து இழுத்தால் 'சர்'ரென்று முழுத் தையலும் பிரிந்துவிடும். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணி பிடித்திருக்கும், கடைசிக் கண்ணி விடுபட்டால் வரிசையே போய்விடும். வீட்டுத் தையல் மெஷின் போடுவது வேறு. ஊசியில் ஒரு நூல், கீழே பாபினில் இன்னொரு நூல். ஒவ்வொரு குத்திலும் இரண்டும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. 1846இல் எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்தப் பூட்டுத் தையலுக்குத்தான். நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற பின்னல்கள் எளிதில் விடுவதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் நாலு தையல் பின்னோக்கி ஓட்டினால் முனைகளும் நகராது.

உராய்வின் உச்சம் பட்டன் தைப்பதில் இருக்கிறது. துளைகளில் நூலை ஓட்டியபின், பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி இறுக்குகிறோம். ஒரு தண்டைச் சுற்றிய கயிற்றின் பிடி எப்படிக் கூடுகிறது என்பதை 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் கணக்கிட்டார். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் ஒரு முனையின் 1 கிராம் பிடி மறுமுனையில் சுமார் 6.6 கிராம் இழுவையைத் தாங்கும். இரண்டு சுற்றில் 43 கிராம். மூன்று சுற்றில் 285 கிராம். சுற்று ஒவ்வொன்றாகக் கூட, பிடி மடங்கு மடங்காகப் பெருகுகிறது. நூல் தீர்ந்துபோகுமே என்று ஒரு சுற்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

பசை போட்டு ஒட்டியதைப் பிரித்தால் இரண்டு பக்கமும் கிழியும். உராய்வால் சேர்ந்ததைப் பொறுமையாகப் பிரித்தால் துணி முழுசாகவே கைக்கு வரும். வளரும் பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது அடியில் நாலு அங்குலம் மடித்து வைத்துத் தைக்கிறோம். பிள்ளை வளர்ந்ததும் அந்தத் தையலைப் பிரித்து உயரம் கூட்டிக் கொடுக்கிறோம். அக்காவின் பாவாடையைப் பிரித்துத் தங்கைக்கு அளவு குறைத்துத் தைக்கிறோம். பழைய புடவை தொட்டிலாகிறது, மெத்தை விரிப்பாகிறது. ஒரு துணி ஒரு குடும்பத்தில் இத்தனை பேருக்கு இத்தனை விதமாகப் பயன்படுகிறதென்றால், அதன் எந்தச் சந்திப்பும் நிரந்தரமாக ஒட்டப்படவில்லை என்பதே காரணம். அடுத்த முறை தையல் பிரிக்க உட்காரும்போது குழந்தைகளையும் அழைத்து இதைக் காட்டுங்கள்.