கியர் பாக்ஸ் இரைகிறதா? கழற்றும் முன் காது கொடுங்கள்!

விளைந்த தக்காளியையும் வாழைத்தாரையும் நேரத்துக்குச் சந்தையில் சேர்க்கும் பழைய பிக்கப், சிறு விவசாயிக்கு நிலத்துக்கு அடுத்த சொத்து. பல வருடம் பாரம் இழுத்த வண்டியில் ஒருநாள் அடியிலிருந்து இரைச்சல் கிளம்பும். ‘கியர் பாக்ஸ் போச்சு, மாத்திடலாம்’ என்பார் ஒருவர். ‘கிளட்ச் பிளேட் போட்டா சரியாயிடும்’ என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறாக இருக்கலாம்.

இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரிப்பது போன்றதுதான் இதுவும். தழைச்சத்துக் குறையா, இரும்புச்சத்துக் குறையா, வேரழுகலா என்று பார்க்காமல் போட்ட உரம் வீண். காரணம் தெரியாமல் இறக்கிய கியர் பாக்ஸும் அப்படித்தான். கூலியும் போகும், அறுவடை நேரத்தில் வண்டியும் பட்டறையில் நிற்கும். பட்டறைக்குப் போகும் முன் வண்டிக்காரரே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இவை.

நின்ற இடத்தில்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். நியூட்ரலில் இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால், பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்டும் கவுன்டர் ஷாஃப்டும் சுற்றும். முழுக்க மிதித்தால் இரண்டும் நின்றுவிடும். இதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

* காலை எடுத்தால் இரைச்சல், மிதித்தால் அமைதி: இன்புட் ஷாஃப்ட் அல்லது கவுன்டர் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கும். டீசல் வண்டியில் ஐடிலில் வரும் லேசான கடகடப்பு இயல்புதான்.
* மிதிக்கத் தொடங்கியதும் கீச்சென்ற சத்தம்: ரிலீஸ் பேரிங். பாக்ஸுக்குள் குறை இல்லை.
* வண்டி நிற்கும்போது முழுக்க மிதித்து, கியரில் வைத்திருக்கையில் மட்டும் சத்தம்: பைலட் பேரிங்காக இருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கையில்

ஆள் நடமாட்டம் இல்லாத சமமான ரோட்டில், பாரம் இல்லாமல் ஓட்டுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால், அந்தக் கியரின் பல்லிலோ அதன் பேரிங்கிலோ கோளாறு. 1, 2, 3-ல் இரைந்து 4-ல் அடங்கினால், கவுன்டர் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். 5 கியர் கொண்ட பெரும்பாலான பழைய பிக்கப்களில் 4-வது நேர் கியர். அதில் சக்தி கவுன்டர் ஷாஃப்ட் வழியாகப் போகாமல் நேராகப் பின்னால் போவதால், அந்தப் பேரிங்குக்குச் சுமை குறைகிறது.

எல்லாக் கியரிலும் வேகத்துக்கு ஏற்றபடி சத்தம் கூடி, நியூட்ரலில் உருளும்போதும் தொடர்ந்தால், பெரும்பாலும் குறை பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ், சென்டர் பேரிங், கிரவுன், வீல் பேரிங் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இந்தச் சோதனையில் இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி குறைந்துவிடும்.

கியர் போடும்போது மட்டும் ‘கரக்’கென்றால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அல்லது சிங்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது. ரிவர்ஸில் கொஞ்சம் இரைச்சல் பல வண்டிகளில் இயல்பு.

ஆயில் சொல்லும் சேதி

அடுத்தது ஆயில். பக்கவாட்டு லெவல் நட்டைக் கழற்றினால், ஆயில் துளையின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் எந்த ஆயில் சீலில் கசிகிறது என்று தேடுங்கள். பிறகு சுத்தமான தட்டில் வடித்துப் பாருங்கள். டிரெயின் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு லேசாக ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். கூரான இரும்புத் துண்டு கிடைத்தால் பல் உடைந்திருக்கலாம். பொன்னிறத் துகள் என்றால் பெரும்பாலும் சிங்க்ரோ ரிங். பால் கலந்த காப்பி போல ஆயில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையிலும் வெள்ளத்திலும் இறங்கிய வண்டிகளில் இது சகஜம்.

ஆயிலை வண்டிக் கையேட்டில் சொன்ன தரத்தில்தான் ஊற்ற வேண்டும். ஜி.எல்.4 கேட்கும் பாக்ஸில் கிரவுனுக்கு ஊற்றும் ஜி.எல்.5-ஐ ஊற்றினால், சில வகைகள் சிங்க்ரோ ரிங்கின் பித்தளையை அரிக்கும்.

ரிப்பேரா, மாற்றா?

பேரிங் மட்டும் போயிருந்தால் பாக்ஸைப் பிரித்து பேரிங்குகளையும் சீல்களையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால், அதே கூலியை மறுபடி கொடுக்க நேரலாம். பல பற்கள் உடைந்து, ஷாஃப்ட் தேய்ந்து, கூட்டில் விரிசலும் இருந்தால் வேறு பாக்ஸ் தேடலாம். இரண்டுக்கும் எழுத்தில் விலை வாங்கி ஒப்பிடுங்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்குகிறவர்கள் ‘அதே மாடல்’ என்ற வார்த்தையை நம்பிவிடக் கூடாது. பழைய பாக்ஸைக் கூடவே கொண்டுபோய், இன்புட் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை, போல்ட் துளைகள், மவுன்டிங், ஸ்பீடோமீட்டர் இணைப்பு எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் கையால் சுற்றிப் பாருங்கள். பில்லும், திருப்பித் தரும் நிபந்தனையும் எழுத்தில் வேண்டும்.

இறக்கி ஏற்றும்போது

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டோ பட்டறைக் குழியோ வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கட்டும். பாக்ஸ் ஒருவர் தாங்கும் எடை அல்ல. இன்புட் ஷாஃப்டில் தொங்க விட்டால் புதிய கிளட்ச் பிளேட்டும் கெடும்.

பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின் சீல் ஆகியவற்றைப் பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிடுங்கள். பிறகு ஒரு சீலுக்காக மறுபடி இறக்குவது இரட்டைச் செலவு. ஏற்றி முடித்ததும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் ஊற்றியாயிற்றா என்று நீங்களே பாருங்கள். சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வடித்து, துகள் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.

இரைச்சல் பலத்துவிட்ட வண்டியில் ‘இந்த ஒரு லோடு மட்டும்’ என்று பாரம் ஏற்றாதீர்கள். பேரிங் இறுகினால் பின்சக்கரங்கள் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். சரக்கோடு ஆளும் ஆபத்தில் சிக்குவார். அன்றைக்கு வாடகை வண்டி பிடிப்பதே லாபம்.