வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை

மேற்கு மாம்பலத்து வீட்டில் பாலையும் தயிரையும் நிறுத்தினால் பிள்ளைக்கு எதைத்தான் கொடுப்பது? ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் நாலைந்து பண்டங்களுக்கு மேல் தொடுவதில்லை. குழைந்த தயிர்சாதம் அதில் ஒன்றாக இருக்கும். அந்த வீட்டுத் தாயிடம்தான், “பாலும் கோதுமையும் நிறுத்துங்கோ, எல்லாம் சரியாயிடும்” என்கிறார்கள். பெற்ற மனம் எதையும் நம்பிப் பார்க்கும்.

கணக்கு சொல்வது என்ன?

உணவு ஒவ்வாமைக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, 2018-இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம் அமெரிக்கப் பிள்ளைகளின் விவரங்களை அலசினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் 100-க்கு 11 பேருக்கு உணவு ஒவ்வாமை. மற்றவர்களில் 4 பேருக்கு. பெற்றோர் சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு இது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவே. உணவு ஒவ்வாமையால் ஆட்டிசம் வருகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை.

அடம் அல்ல, வேதனை

பேச்சு வராத பிள்ளைக்கு வயிறு வலித்தால் என்ன செய்யும்? தலையைச் சுவரில் மோதும், கையைக் கடிக்கும், இரவெல்லாம் அழும். “ஆட்டிசம்னா அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். எனக்குப் பொறுக்காதது இதுதான். மலச்சிக்கலோ, தோல் அரிப்போ, பால் ஒவ்வாமையோ அதன் பின்னால் இருக்கலாம். வலியைத் தீர்த்தால் ஆட்டிசம் போகாது. ஆனால் குழந்தை தூங்கும்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

நிறுத்துவதற்கு முன்

பாலும் கோதுமையும் இல்லாத உணவு ஆட்டிசத்தைக் குறைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நஷ்டமோ உண்டு: ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் கை எலும்பை அளந்த 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், பால் புரதம் தவிர்த்தவர்களின் எலும்பு மற்றவர்களுடையதைவிட மெலிந்திருந்தது. உண்மையிலேயே கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால், சப்பாத்தியை மட்டும் நிறுத்தினால் போதாது; கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலக்கிறார்கள்.

ரத்தத்தில் ‘ஐஜிஜி’ என்னும் எதிர்ப்பொருளின் அளவு பார்த்து, ஒத்துக்கொள்ளாத உணவுகள் என்று நீளப் பட்டியல் தரும் பரிசோதனைக்குப் பணம் கொட்டாதீர்கள். அது ஒவ்வாமையைக் காட்டாது.

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, பிறகு என்ன நடந்தது என்று முன்கூட்டியே இரண்டு வாரம் அதில் எழுதி வையுங்கள். அவனால் சொல்ல முடியாததை அந்த நோட்டு டாக்டரிடம் சொல்லட்டும்.