செவி காட்டிய புள்

மத்திய மலைநாடு மேற்கே தாழ்ந்து சரியும் அடிவாரத்தில், களனி கங்கைக் கரையிலே உள்ளது கித்துல்கல. சித்திரை மாதத்து விடியற்பொழுதில் அங்குப் புள் நோக்கச் செல்வோர்க்கு முதலில் உதவுவது கண்ணன்று, செவியேயாம். மழைக்காட்டின் செறிந்த இலைகளிடையே புலனாகாத பறவையைக் குரலே அறிவிக்கும்.

இதற்குச் சான்று ஒன்றுண்டு. 1995ஆம் ஆண்டிலே தீபால் வரக்காகொட என்பார் இக்காட்டில் இனந்தெரியாத ஆந்தையொன்றின் மெல்லிய குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய உருவத்தை அவர் சிங்கராஜ வனத்திற் கண்டது 2001ஆம் ஆண்டிலாகும். இடையே ஆறாண்டுகள் கழிந்தன. 2004இல் அது புதிய இனமென விவரிக்கப்பட்டு, அவ்வனத்தைக் காக்கப் பாடுபட்ட திலோ ஹொப்மன் பெயரைப் பெற்றது.

அவ்வனத்தில் 1970களிலே ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரங்கள் தறிக்கப்பட்டன. எதிர்ப்பு வலுத்தமையால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தப்படாது காடு முழுவதும் அழிந்திருப்பின், அவ்வாந்தையை அங்குக் காணும் வாய்ப்பே இருந்திராது. காட்டைக் காத்தோர் அவ்வாந்தை அங்கிருத்தலை அறிந்து காத்தாரல்லர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆதலின், புள் நோக்கச் செல்லும் மாணவர் அறியாத குரலொன்றைக் கேட்பின் அதனைப் புறக்கணியாது, நாளும் பொழுதும் இடமும் குறித்து வைத்தல் வேண்டும்.