ஐந்து செ.மீ. அந்தரம்

விக்கிரமங்கலத்தில் சோழர் காலத்துப் புத்தர் ஒருவர் இருக்கிறார். முதுகை நிமிர்த்தித் தியானத்தில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். கல்லுக்கு இடுப்பு வலிக்காது. அங்கிருந்து அரியலூருக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ பஸ் ஏறிப் போய், நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைக்கு வலிக்கும். "கூன் போடாம உட்காரு" என்று பிள்ளையைத்தான் அதட்டுகிறோம். பெஞ்சை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நிற்கும்போது அடிமுதுகு லேசாக உள்வாங்கியிருக்கும். உட்கார்ந்து தொடையை மடக்கியதும் பின்தொடைத் தசைகள் இடுப்பெலும்பைப் பின்பக்கமாகச் சாய்க்கும். அந்த வளைவு தட்டையாகிவிடும். 1953-இல் அமெரிக்க மருத்துவர் கீகன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தொடைக்கும் உடம்புக்கும் நடுவே ஏறக்குறைய 135 பாகை இருந்தால்தான் முதுகு இயல்பாக இருக்கிறது என்று கண்டார். நாம் உட்காருவது 90-இல். நோட்டில் குனிந்தால் அதுவும் குறையும். முதுகெலும்பு வட்டுகளின் முன்பக்கம் நசுங்க, பின்பக்கத் தசைநார்கள் பீரியடு முடியும்வரை இழுபட்டே கிடக்கும்.

இஞ்ச் டேப் ஒன்று போதும். செருப்போடு, தரையிலிருந்து முழங்காலின் உள்மடிப்புவரை அளந்து பாருங்கள். பெஞ்ச் அதைவிட ஒரு விரற்கடையாவது தாழ்ந்திருக்க வேண்டும். ஐந்தடிப் பெண்ணுக்கு இந்த அளவு 40 செ.மீ. சுமாருக்கு வரும். பெஞ்ச் பெரும்பாலும் 45. பாதம் தொங்கும், பலகை விளிம்பு தொடையை அழுத்தும். காலை ஊன்ற முன்னால் நகர்ந்தால் சாய்மானம் கைவிட்டுப் போகும், சாய்மானம் என்று ஒன்று இருந்தால். பக்கத்திலிருக்கும் ஆறடிப் பையனுக்கோ முட்டி டெஸ்க்கில் இடிக்கும்.

அளவு தெரியாத குறையில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த தேப்குமார் சக்ரபர்த்தியின் இந்திய உடலளவுப் புத்தகம் 1997-லேயே வந்துவிட்டது. ஐரோப்பியப் பள்ளிகளுக்கான தரத்தில் நாற்காலி அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு. இங்கே பட்டறையில் பெஞ்சையும் டெஸ்க்கையும் ஒரே சட்டத்தில் வெல்டு வைத்து அனுப்பிவிடுகிறார்கள். நெருக்கி இழுத்துப்போடக்கூட வழியில்லை.

எல்லா வலியையும் பெஞ்சின் தலையில் கட்ட முடியாது. அசையாமல் மணிக்கணக்கில் இருந்தால் நல்ல நாற்காலியும் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் காலி வகுப்பறைக்குள் போனால் டெஸ்க்குக்கு அடியில் குனிந்து பாருங்கள். குறுக்கே ஓடும் இரும்புக் கம்பி சட்டத்தின் உறுதிக்காக வைத்தது. அதன் மேல்பக்கத்தில் மட்டும் பெயிண்ட் போய், இரும்பு பளபளவென்றிருக்கும். கால் எட்டாதவர்கள் மிதித்து மிதித்துத் தேய்த்தது.