கோல சிலாங்கூர் சேற்றில் சைபீரியப் பறவைகள்: பார்க்கப் போறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுக்கணும்?

டிசம்பர் நமக்கு மழைக்காலம்தான், பனி கிடையாது. அதனாலதான் பனி விழுற நாட்டுப் பறவைகள் நம்ம கடற்கரையைத் தேடி வருது. விடுமுறையில் நண்பரோடு ஒரு நாள் போகலாம்னு இருக்கீங்களா? முதல்ல இதைப் படிங்க.

எங்கிருந்து வருகின்றன?

சைபீரியா, மங்கோலியா போன்ற இடங்களிலிருந்து. அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்து வரை நீளும் வலசைப் பாதையில் சிலாங்கூர் கடற்கரை ஒரு தங்குமிடம். இந்தப் பாதையில் பறக்கும் பட்டைவால் மூக்கன் ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் நிற்காமல் கடந்தது. அப்போது அதற்கு வயது 5 மாதம்தான்!

ஏன் இங்கே?

சேறுதான் காரணம். நமக்கு அது வெறும் சகதி. பறவைக்குச் சாப்பாட்டு மேசை. புழு, சிப்பி, குட்டி நண்டு எல்லாம் அதுக்குள்ளேதான்.

எப்போ போகணும்?

கடிகாரத்தைப் பார்க்காதீங்க, கடல் நீரேற்ற அட்டவணையைப் பாருங்க. நீர் வற்றினால் பறவைகள் தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும். நீர் ஏறும்போது சேறு சுருங்கி, அவை கரைப்பக்கம் வரும். நீர் உச்சத்தைத் தொடுவதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே போய் நில்லுங்க. இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

எங்கே, எதைப் பார்க்கலாம்?

ஜெராம் பக்கத்து பந்தாய் ரெமிஸ் சேற்றில் உப்புக்கொத்தி, செந்நிறக் கால் கொண்ட பவளக்காலி, வளைந்த நீள அலகுள்ள கோட்டான். புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் 1987 முதல் இருக்கும் இயற்கைப் பூங்காவில் சதுப்புநிலப் பறவைகள்.

என்ன செய்யக்கூடாது?

படத்துக்காகக் கூட்டத்தை விரட்டிப் பறக்க விடாதீங்க. டிரோன் வேண்டாம். வசந்த காலத்தில் திரும்பிப் போகும் முன் சில இனங்கள் உடல் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் வழியில் எரிபொருள். ஒவ்வொரு முறை பதறிப் பறக்கும்போதும் அது வீணாகும். போதாமல் போனால் கூடு கட்டும் இடத்துக்குப் போய்ச் சேர முடியாது.

பாதையில் ஒரு சேற்று நிலம் மண் கொட்டி மூடப்பட்டாலும் இதே கதிதான். பயணம் முழுக்க நீளமாக இருக்கலாம். அறுந்துபோக ஒரு கடற்கரை போதும். ஜெராமும் புக்கிட் ரோத்தானும் உங்க ஊர்னா, அந்தக் கடற்கரை உங்க வீட்டுப் பக்கத்துலதான் இருக்கு.