முதலில் மருத்துவமனை

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?" என்பதுதான். பெரும்பாலான வழக்குகளில் குற்றம் செய்தவன் தெரிந்தவன், உறவினன் அல்லது அக்கம்பக்கத்தான் என்பதால் வீடு மேலும் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் கழியும் இரண்டு மூன்று நாட்கள்தான் அவருடைய உடல்நலத்துக்கு மிக முக்கியமானவை.

உடலுக்கு நேர்வது

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு பலன் தரும். ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் போன்ற தொற்றுகளுக்கும் தடுப்பும் சிகிச்சையும் உண்டு. குளித்துவிட்டாலும், உடை மாற்றிவிட்டாலும், நாட்கள் கடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகலாம். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். கரு உண்டாகிவிட்டால், 2021 கருக்கலைப்புச் சட்டத் திருத்தப்படி 24 வாரம் வரை கலைக்க உரிமை உண்டு.

மனதுக்கு நேர்வது

தூக்கம் கெடும்; நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வரும்; யார் தொட்டாலும் உடல் நடுங்கும். சிலர் படிப்பையும் வேலையையும் விட்டுவிடுகிறார்கள். சிலருக்குத் தீராத அடிவயிற்று வலியும், தற்கொலை எண்ணமும் வருகின்றன. இவை சிகிச்சையால் குணமாகக்கூடியவை. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம்.

"ஏன் கத்தவில்லை?" என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேரச்சத்தில் உடல் உறைந்துபோவது இயல்பு. எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

சட்டம் தரும் உரிமைகள்

அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தர வேண்டும், ஆனால் எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருடைய சம்மதம் இல்லாமல் பரிசோதனை இல்லை. பெண்ணுறுப்பில் விரல் செலுத்திப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடாது என்று 2013-இலும் 2022-இலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். கணவனே துன்புறுத்தினாலும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும்.

எங்கே அழைப்பது? பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ஆபத்துக்கு 112. மருத்துவம், தங்குமிடம், சட்ட உதவி மூன்றுக்கும் வழிகாட்ட மாவட்டங்களில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உள்ளன.

உங்கள் மகளோ தங்கையோ தோழியோ நடந்ததைச் சொல்ல வாயெடுக்கும்போது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். "உன்னை நம்புகிறேன், வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்லி உடன் கிளம்புங்கள்.