சாலைப் பலகைகளின் விசித்திரக் கதைகள்!

சிலர் தபால் தலை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். தீப்பெட்டிப் படம் சேர்க்கும் சிறுவர்களும் உண்டு.

சாலைப் பலகை சேர்ப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இவர்கள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் அல்ல. (அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதை பின்னால் வருகிறது!) ஊர் ஊராகப் போய், விசித்திரமான கைகாட்டிகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் தேடிப் பிடித்துப் படம் எடுப்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. பல நாடுகளில் இப்படிப்பட்ட பிரியர்கள் இருக்கிறார்கள்.

"தகரப் பலகையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரே விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பலகையைப் பார்க்க டிரைவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் பலகை தன் சேதியைச் சொல்லிவிட வேண்டும். படிக்கத் தெரிந்தவருக்கும் புரிய வேண்டும். தெரியாதவருக்கும் புரிய வேண்டும். புரியாவிட்டால் உயிர் போகலாம்.

ஆகவே, வேடிக்கையாகத் தோன்றும் பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். சில இடத்தில் அது அக்கறையின் கதை. சில இடத்தில் அசட்டையின் கதை. சில கதைகளைப் பார்ப்போம்.

தம்பியின் கையைப் பிடித்த அக்காள்

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம்.

அந்த நாட்டில் ஒரு காலத்தில் சாலைப் பலகைகள் தாறுமாறாக இருந்தன. பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதைக் காட்ட, எரியும் தீவட்டி ஒன்றை வரைந்து வைத்திருந்தார்கள். தீவட்டி கல்விச் சுடராம்! ஓடுகிற காரில் இருப்பவர் இதை யோசித்துக் கண்டுபிடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தையே தாண்டிவிடுவார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. 1963-ம் ஆண்டில் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. புதிய பலகைகளை வரையும் வேலை ஜாக் கின்னீர் என்ற வடிவமைப்பாளரிடமும், அவருடைய மாணவியாக இருந்த மார்கரெட் கால்வர்ட் என்ற இளம் பெண்ணிடமும் வந்தது. 1965-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் புதிய பலகைகள் சட்டப்படி நடைமுறைக்கு வந்தன.

குழந்தைகள் சாலையைக் கடக்கும் இடத்துக்கு அதற்கு முன்பும் ஒரு படம் இருந்தது. பள்ளித் தொப்பி அணிந்த பையன் ஒருவன், ஒரு சிறுமியை அழைத்துக்கொண்டு போவான். வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் போல அது இருக்கிறது என்று கால்வர்ட் நினைத்தார். படத்தை அப்படியே திருப்பிப் போட்டார். இப்போது பெரியவள் சிறுமி. அவள் தன்னைவிடச் சின்னப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறாள்.

அந்தச் சிறுமி யார் தெரியுமா? கால்வர்ட்தான்! தம்முடைய சிறு வயதுப் போட்டோவைப் பார்த்து அவர் அதை வரைந்தார்.

மாடுகள் வரும் இடத்துக்கு ஒரு பலகை தேவைப்பட்டது. அதற்கும் கால்வர்ட் வெளியே தேடவில்லை. உறவினர் பண்ணையில் ஒரு பசு இருந்தது. அதன் பெயர் "பேஷன்ஸ்". பொறுமை என்று பொருள். அந்தப் பசு பலகையில் ஏறிவிட்டது!

இன்னொரு படமும் அவர் வரைந்ததுதான். சாலையில் வேலை நடக்கிறது என்று காட்டுவதற்காக, மண்வெட்டியோடு ஓர் ஆள் மண்ணைக் குத்திக்கொண்டிருப்பார். "குடையை விரிக்க முடியாமல் திண்டாடுகிற ஆள் மாதிரி இருக்கிறதே!" என்று இங்கிலாந்து மக்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். நம் நாட்டுச் சாலைகளிலும் இதே போன்ற ஆளைப் பார்க்கலாம். அடுத்த முறை உற்றுப் பாருங்கள்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆளைப் பார்த்ததும் வண்டியின் வேகம் குறைகிறது அல்லவா? பலகையின் வேலை அதுதானே!

தேரைக்கும் ஒரு பலகை

இங்கிலாந்தில் தேரைக்குக்கூடத் தனிப் பலகை உண்டு. சிவப்பு முக்கோணம்; நடுவில் தேரை. முட்டையிடும் காலத்தில் தேரைகள் கூட்டம் கூட்டமாகக் குளத்தைத் தேடிச் சாலையைக் கடக்கும். அவை நசுங்கிச் சாகாமல் இருக்கவே இந்தப் பலகை. சில ஊர்களில் மக்களே இரவில் வாளியோடு வந்து, தேரைகளைப் பொறுக்கி மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறார்கள். முள்ளெலிக்கும் அங்கே 2019-ம் ஆண்டில் ஒரு பலகை அறிவிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் மஞ்சள் பலகைகளில் கங்காரு துள்ளும். பாலைவனப் பக்கம் போனால், ஒட்டகம், வோம்பாட், கங்காரு மூன்றும் வரிசையாக நிற்கும். வோம்பாட் என்பது கரடிக்குட்டி போல் இருக்கும் ஒரு மிருகம். வெளியூர்க்காரர்கள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு இது விளையாட்டு அல்ல. இருட்டில் கங்காரு குறுக்கே பாய்ந்தால் கார் நொறுங்கிவிடும்.

ரவுண்டானாவுக்குள் ரவுண்டானா

மறுபடியும் இங்கிலாந்து. அங்கே ஸ்விண்டன் என்று ஓர் ஊர். அந்த ஊருக்குள் நுழைகிறவர் ஒரு பலகையைப் பார்த்துத் திகைத்துப் போவார். பெரிய வட்டம் ஒன்று. அதைச் சுற்றி ஐந்து சிறிய வட்டங்கள். பூவா? கோலமா?

இரண்டும் இல்லை. சாலையே அப்படித்தான் இருக்கிறது! ஐந்து சின்ன ரவுண்டானாக்கள், நடுவில் ஒரு பெரிய ரவுண்டானா. சின்ன ரவுண்டானாக்களில் வண்டிகள் கடிகார முள் சுற்றுகிற பக்கமாகப் போகும். நடு வட்டத்தில் அதற்கு நேர் எதிராகச் சுற்றும்!

1972-ம் ஆண்டில் பிராங்க் பிளாக்மோர் என்ற எஞ்சினீயர் இதை அமைத்தார். "மேஜிக் ரவுண்டானா" என்று இதற்குப் பெயர். குழந்தைகளின் டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. பார்த்தால் தலை சுற்றும். ஆனால் பயத்தால் எல்லோரும் மெதுவாகப் போகிறார்கள்!

"நான் ஆபீசில் இல்லை"

இங்கிலாந்தை ஒட்டியிருப்பது வேல்ஸ் நாடு. அங்கே வெல்ஷ் என்று ஒரு தனி மொழி உண்டு. ஆகையால் சாலைப் பலகைகளில் ஆங்கிலமும் வெல்ஷும் சேர்ந்தே இருக்கும்.

2008-ம் ஆண்டில் ஸ்வான்சீ நகர அதிகாரிகள் ஒரு பலகை வைக்க விரும்பினார்கள். "கனரக வாகனங்கள் உள்ளே வரக்கூடாது, இது வீடுகள் உள்ள பகுதி" என்பதே சேதி. வெல்ஷ் மொழியில் எழுதித் தரும்படி மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் பதில் வந்துவிட்டது. அதை அப்படியே பலகையில் எழுதி நட்டுவிட்டார்கள்.

வெல்ஷ் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நான் இப்போது ஆபீசில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியது இருந்தால் அனுப்பி வைக்கவும்" என்று பலகை சொன்னது! மொழிபெயர்ப்பாளர் வெளியே போயிருந்தார். வந்தது தானாகவே போகும் பதில்!

இதில் யாருக்கும் ஆபத்து இல்லை. சிரித்துவிட்டுப் பலகையை எடுத்துவிட்டார்கள். ஆனால் 2006-ம் ஆண்டில் அதே நாட்டின் கார்டிப் நகரில் நடந்ததைக் கேளுங்கள். நடந்து போகிறவர்களுக்கு வைத்த பலகை அது. ஆங்கிலத்தில், "வலது பக்கம் பார்" என்று இருந்தது. வெல்ஷில், "இடது பக்கம் பார்" என்று இருந்தது!

கார் வருவது ஒரு பக்கம். தாய்மொழியை நம்பியவர் பார்ப்பது மறுபக்கம். ஒரே ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

திருட்டுப் போன 420

இனி அமெரிக்கா.

நம் ஊரில் ஒருவரை "420" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவின் எண் அது. 2024-ம் ஆண்டு ஜூலையில் புதிய சட்டம் வந்து, பிரிவு எண் மாறிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை!

அமெரிக்காவில் 420 என்றால் வேறு பொருள். கஞ்சா புகைப்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ரகசிய எண் அது. கொலராடோ மாகாணத்து நெடுஞ்சாலையில் 420-வது மைலைக் காட்டும் பலகை இருந்தது. வைத்த பலகை நிற்கவே இல்லை. வைக்க வைக்க யாரோ திருடிக்கொண்டு போனார்கள்.

அதிகாரிகள் யோசித்தார்கள். போலீஸ் காவல் போடவில்லை. பலகையில் எண்ணை மாற்றி எழுதினார்கள்: "மைல் 419.99".

திருட்டுத் தொல்லையைத் தடுக்கத்தான் இந்த யோசனை!

தாமே பலகை மாட்டிய ஓவியர்

பலகையைத் திருடியவர்கள் உண்டு. திருட்டுத்தனமாக மாட்டியவர் உண்டா? உண்டு!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கே ரிச்சர்ட் ஆங்க்ரம் என்று ஓர் ஓவியர். 110-ம் எண் விரைவுச்சாலையில் போகும்போது, 5-ம் எண் சாலைக்கு எங்கே பிரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. தலைக்கு மேலே இருந்த பெரிய பலகையில் அந்த வழி சரியாகக் காட்டப்படவில்லை. தம்மைப் போல் எத்தனை பேர் தடுமாறுகிறார்களோ என்று நினைத்தார்.

அரசாங்க விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். அதில் சொன்ன அளவு, அதில் சொன்ன நிறம், இரவில் ஒளிரும் வில்லை, எல்லாம் சரியாக அமையும்படி "5" என்ற எண்ணையும் "வடக்கு" என்ற சொல்லையும் தயாரித்தார். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார். ஆரஞ்சு நிறச் சட்டை, தலைக்கவசம் அணிந்து சாலைத் தொழிலாளியைப் போல் வேடம் போட்டார். 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, பட்டப்பகலில், ஏணி வைத்து மேலே ஏறினார். மாட்டினார். இறங்கிப் போய்விட்டார்.

கீழே ஆயிரக்கணக்கான கார்கள் ஓடின. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை!

ஒன்பது மாதம் கழித்துப் பத்திரிகையில் விஷயம் வெளிவந்தது. அதிகாரிகள் ஓடிவந்து பார்த்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. எடுக்காமல் விட்டுவிட்டார்கள். 2009-ம் ஆண்டில் அங்கே புதிய பலகை வைத்தபோது, அதிலும் "5 வடக்கு" இடம் பெற்றது.

அனுமதி இல்லாமல் சாலைப் பலகையைத் தொடுவது குற்றம். யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் சாலையில் போகிறவருக்குத் தெரிந்த குறை, ஆபீசில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்பதை மறுக்க முடியுமா?

ஓடுகிற குடும்பம்

சாலைப் பலகைகளில் உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் சிரிப்பு வராது.

அமெரிக்காவின் தெற்கு எல்லையில் மெக்சிகோ. எல்லையை ஒட்டி சான் டியேகோ நகரம். பிழைப்புத் தேடி, அனுமதிச் சீட்டு இல்லாமல் மெக்சிகோவிலிருந்து மக்கள் வருவார்கள். வழியில் சோதனைச் சாவடி உண்டு. ஆள் கடத்துகிறவர்கள் சாவடிக்கு முன்னால் இவர்களை இறக்கிவிடுவார்கள். "சாலையைக் கடந்து மறுபக்கம் ஓடு, சாவடியைத் தாண்டி வந்து ஏறிக்கொள்" என்பார்கள்.

அது சாதாரணச் சாலை அல்ல. வண்டிகள் பறக்கும் அகலமான விரைவுச்சாலை. கிராமத்திலிருந்து வந்த பலர் அவ்வளவு வேகத்தைக் கண்டதே இல்லை. 1980-களின் பிற்பகுதியில் சில ஆண்டுகளுக்குள் 100-க்கும் மேற்பட்டவர்கள் கார்களில் அடிபட்டு இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு.

"ஆட்கள் சாலையைக் கடக்கிறார்கள், கவனம்" என்று எழுத்தில் பலகை வைத்தார்கள். பயன் இல்லை. படித்து முடிப்பதற்குள் கார் தாண்டிவிட்டது.

சாலைத் துறையில் ஜான் ஹூட் என்ற ஓவியர் வேலை பார்த்தார். அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ இனத்தைச் சேர்ந்தவர். 1990-ம் ஆண்டில் அவர் ஒரு படம் வரைந்து கொடுத்தார். மஞ்சள் பலகையில் கறுப்பு நிழல் உருவங்கள். முன்னால் தகப்பன் குனிந்து ஓடுகிறான். பின்னால் தாய். அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. இழுத்த இழுப்பில் சிறுமியின் கால் தரையில் பாவவில்லை. அவளுடைய பின்னல்கள் காற்றில் பறக்கின்றன.

அந்தப் பின்னலைப் பார்த்தவுடன், வண்டி ஓட்டுகிறவருக்குத் தம் வீட்டுக் குழந்தையின் நினைவு வரும். கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும்.

பிறகு சாலையின் நடுவே உயரமான வேலி போட்டார்கள். எல்லையில் காவல் கூடியது. அந்தப் பக்கமாக ஆட்கள் வருவதும் குறைந்தது. பலகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 2018-ம் ஆண்டில் கடைசிப் பலகையும் போய்விட்டது. புதிதாக வைக்கவில்லை. ஆனால் அந்தப் படம் சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த மக்களுக்கு இரங்குகிறவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள், எதிர்ப்பவர்களும் பயன்படுத்தினார்கள்.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் விசித்திரப் பலகைகளுக்குக் குறைவு இல்லை. இமயமலைச் சாலைகளை அமைத்துப் பராமரிப்பது எல்லைச் சாலை அமைப்பு. 1960-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. லடாக் பக்கம் போனால் இந்த அமைப்பு வைத்த பலகைகள் ஆங்கிலத்தில் எதுகை மோனையோடு புத்தி சொல்லும். குதிரைச் சக்தியில் வண்டியை ஓட்டச் சொல்லும். ரம் சக்தியில் ஓட்டாதே என்று எச்சரிக்கும்! படித்தவர் சிரிப்பார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். சிரித்தவர் விழித்துக்கொள்வார். அதுதான் அதன் நோக்கம்.

நீலகிரி மாவட்டத்தில் முதுமலைக் காட்டு வழியே மைசூருக்குப் போகும் சாலையில் யானைப் படம் போட்ட பலகைகள் நிற்கும். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. அந்த வழியில் இரவு நேரங்களில் மிருகங்கள் பல அடிபட்டுச் செத்தன. அதனால்தான் 2009-ம் ஆண்டில் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது.

வண்டியில் போகும்போது குழந்தைகளுக்குப் பலகைகளைக் காட்டுங்கள். முக்கோணம் என்றால் எச்சரிக்கை. சிவப்பு வட்டம் என்றால் தடை. நீலச் சதுரம் என்றால் தகவல். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

வேடிக்கையான பலகை கண்ணில் பட்டால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சிரியுங்கள்!